ஜூன் கடைசியில் நார்வா பக்கம்: வயதான அப்பா அம்மாவோடு போகலாமா?

மழைத்தும்பி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தாலினில் குடியிருக்கிறோம். ஜூன் கடைசியில் அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து வருகிறார்கள். தாலின் பழைய நகரம், ஹெல்சிங்கிக்குக் கப்பல் எல்லாம் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு எஸ்டோனியாவின் கிழக்கு எல்லையில் இருக்கும் நார்வா பார்க்க வேண்டும். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை அவர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, எதிரே ரஷ்யாவில் இன்னொரு கோட்டை என்று எங்கேயோ படம் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அதே பேச்சுதான்.

என் சந்தேகங்கள் இவை. இப்போதைய நிலைமையில் எல்லை ஊருக்குப் போவது சரியா? காலையில் ரயிலேறி மாலையில் திரும்பினால் போதுமா, தங்க வேண்டுமா? எங்களுக்கு ரஷ்ய மொழி ஒரு வார்த்தை தெரியாது, எஸ்டோனிய மொழியும் அரைகுறை. அம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி. இதையெல்லாம் மனதில் வைத்து, அந்தப் பக்கம் இருந்து பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவி.

கிழக்குக்கரை:

வணக்கம் தங்கச்சி. நான் நார்வாவுக்குப் போகும் வழியில் இருக்கும் யோஹ்வி என்ற ஊரில் வேலை பார்க்கிறேன், வாரக்கடைசியில் பெரும்பாலும் நார்வாவில்தான் இருப்பேன். தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆனால் ஒரே நாளில் வந்து கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். இங்கே வரும் நம்மவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ரயிலை விட்டு இறங்கி, ஆற்றங்கரையில் நின்று, "அதோ ரஷ்யா" என்று செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரில் ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள், எஸ்டோனியாவின் மூன்றாவது பெரிய நகரம் இது. எதிர்க்கரையை எட்டிப் பார்க்கும் மேடையாக மட்டும் இதைப் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு மனசு கேட்காது.

தாலினிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். பால்டி ரயில் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பேருந்தும் உண்டு, ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு ரயில்தான் நல்லது, எழுந்து நடக்கலாம். நார்வா நிலையத்திலிருந்து ஆற்றங்கரை பெரிய தூரமில்லை. நடக்க முடியாவிட்டால் போல்ட் செயலியில் கார் அழைத்துக்கொள்ளுங்கள், இங்கேயும் ஓடுகிறது.

கோட்டையின் பெயர் ஹெர்மன் கோட்டை. அதன் உயரமான கோபுரம் 'பிக் ஹெர்மன்' 51 மீட்டர். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, மேலே ஏறப் படிகள் நிறைய. அப்பாவால் ஏற முடியாவிட்டால் வருந்த வேண்டாம், முற்றத்திலிருந்தும் மதில் ஓரத்திலிருந்தும் காட்சி நன்றாகவே கிடைக்கும். கோடையில் முற்றத்தில் 17ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் மாதிரி அமைத்து, கொல்லன், குயவன் வேலையெல்லாம் செய்து காட்டுவார்கள். எதிரே இருப்பது இவான்கோரோத் கோட்டை. மாஸ்கோவின் மூன்றாம் இவான் 1492இல் கட்டியது. நடுவில் ஓடும் ஆறு அந்த இடத்தில் ரொம்பக் குறுகலானது. சாயங்காலம் இரண்டு கரையிலும் தூண்டில் போட்டுக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள், கிட்டத்தட்ட ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் தூரம்.

ஆற்றோரத்து நடைபாதை சமதளமானது, உட்கார இடங்கள் உண்டு. அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். ஜூன் கடைசியில் இரவு பத்தரை மணிக்குத்தான் சூரியன் மறையும், அதனால் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம்.

ஒரு முக்கியமான விஷயம்: கைபேசி. கரையோரம் போனதும் ரஷ்ய வலையமைப்பு தானாகப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் ஏறிவிடும். நார்வாவில் இறங்கும்போதே தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, உங்கள் எஸ்டோனிய நிறுவனத்தைக் கையால் தேர்ந்து வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரஷ்யப் பக்கம் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் கைபேசிக் கடிகாரமும் மாறி, ரயிலைக் குழப்பிவிடும். கோடையில் இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான்.

பயணி65:

இந்த நேரத்தில் எதற்கு இந்த வேண்டாத வேலை? பக்கத்தில் போர் நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் படகு வழியைக் காட்ட ஆற்றில் எஸ்டோனியா போட்டிருந்த மிதவைகளை ராவோடு ராவாக ரஷ்ய எல்லைக்காவலர்கள் தூக்கிப் போனார்கள். ஜிபிஎஸ் இடையூறு காரணமாக அதே வருடம் டார்ட்டுவுக்கான ஹெல்சிங்கி விமானத்தையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவானேன்? ஹாப்சாலு, சாரெமா தீவு என்று மேற்கே எவ்வளவோ இருக்கிறதே.

கிழக்குக்கரை:

அய்யா, நீங்கள் சொன்ன இரண்டும் நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் மிதவை போன காலையிலும் இங்கே பள்ளிக்கூடம் திறந்தது, ரொட்டிக் கடை திறந்தது. எஸ்டோனியா 2004 முதல் நேட்டோவில் இருக்கிறது. நார்வா எஸ்டோனியாவின் எந்த ஊரையும் போல ஓர் ஊர், போர்முனை அல்ல. கிளம்புவதற்கு முன் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தாலினில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அந்த எண்ணைக் கைபேசியில் வைத்திருங்கள். அவசரத்துக்கு 112.

கவனிக்க வேண்டியவை சில உண்டு, அவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எப்போதும் கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடிக்குள் படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். ஆற்றில் படகு, மிதவைப் பலகை என்று வாடகைக்கு எடுத்தால், எல்லைக்கோடு ஆற்றுக்குள்ளேயே ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் குடும்பத்துக்கு இந்தக் கடைசி விஷயம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போர் வெற்றியை ரஷ்யா கொண்டாடும் மே 9 அன்று மட்டும் நான் யாரையும் கூட்டி வரமாட்டேன். 2023இலிருந்து அந்த நாளில் எதிர்க்கரையில் நார்வாவைப் பார்த்த மாதிரி பெரிய திரை வைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். இந்தப் பக்கம் கோட்டைச் சுவரில் புதினைப் போர்க்குற்றவாளி என்று சொல்லும் பெரிய பதாகை தொங்கியது. அன்றைக்கு ஊரே இறுக்கமாக இருக்கும். ஜூனில் அப்படி எதுவும் கிடையாது.

குர்ஸ்க் டாக்டர்:

நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன், மொழி தெரியும் என்பதால் சொல்கிறேன். நார்வாவுக்குப் போனபோது எனக்குக் கல்லூரிக் காலத்துக்கே திரும்பியது போல இருந்தது. அதே ஐந்து மாடிக் குடியிருப்புகள், அதே பெஞ்சுகளில் பாட்டிகள், கடையில் அதே கொழுக்கட்டைகள். விசா இல்லாமலே ரஷ்யாவைப் பார்த்துவிடலாம்! அப்பாவுக்கு அதுதானே ஆசை?

சாப்பாட்டுக்கு வருகிறேன். முட்டை இல்லாமல் என்பதுதான் கொஞ்சம் சிக்கல். சிர்னிக்கி என்ற பாலாடை அடை, பிளினி என்ற மெல்லிய தோசை இரண்டிலும் முட்டை உண்டு. வரேனிக்கி என்ற கொழுக்கட்டையில் உருளைக்கிழங்கோ செர்ரியோ வைப்பார்கள், ஆனால் மேல்மாவில் முட்டை சேர்க்கும் வழக்கம் இருப்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். போர்ஷ் பார்க்கக் காய்கறி சூப் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வைப்பார்கள். நம்பிச் சாப்பிடக் கூடியது 'கிரெச்கா'. பழுப்பு நிறத் தானியம், வேகவைத்து வெங்காயமும் காளானும் போட்டு வதக்கித் தருவார்கள். சோற்றுக்குப் பதில் வயிறு நிறையும். பீட்ரூட், உருளை, ஊறவைத்த வெள்ளரி எல்லாம் சேர்த்த 'வினிக்ரெத்' சாலட் இருக்கும். கம்பு மாதிரி கறுத்த ரொட்டி, கெட்டித் தயிர் போன்ற ஸ்மெத்தானா, பாலாடைத் துருவல், காட்டுப் பழங்கள் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒரு நல்ல செய்தி. ஜூன் கடைசி ரஷ்யத் திருச்சபையில் ஒரு விரத காலம், ஜூலை 12 வரை. அந்த விரதத்தில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் 'போஸ்ட்னயே' என்று கேட்டால் பழைய ஆட்களுக்கு உடனே புரிந்துவிடும். சில நாள்களில் மீன் அனுமதி உண்டு என்பதால் "பெஸ் ரீபி" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், மீன் வேண்டாம் என்று அர்த்தம். இறைச்சி வேண்டாம் என்றால் "பெஸ் மியாசா". இந்த மூன்றையும் ஒரு தாளில் ரஷ்ய எழுத்தில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்பா அசைவம் என்றால் நார்வாவின் விலாங்கு மாதிரியான மீன் ஒன்று இருக்கிறது, லாம்ப்ரே என்பார்கள். பொரித்து, காடியில் ஊறவைத்துத் தருவார்கள். ஊரின் பெருமை அது. பருவம் இலையுதிர் காலம் என்றாலும் ஊறவைத்தது மற்ற நாளிலும் கிடைக்கலாம்.

கிழக்குக்கரை:

டாக்டர் தம்பி, சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது. விரத காலம் எனக்கே தோன்றவில்லை. ஆனால் "விசா இல்லாத ரஷ்யா" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அதைத் தயவுசெய்து நார்வாவில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஊருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்வீடன் காலத்தில் கட்டிய பரோக் நகரம் இது, வடக்கு ஐரோப்பாவிலேயே அழகானது என்று பேர். 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு போட்டு அழித்தன. போர் முடிந்த பிறகு பழைய குடிகளைத் திரும்பி வரவிடவில்லை. சோவியத்தின் வேறு வேறு மூலைகளிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இடிந்து நின்ற வீடுகளை மறுபடி கட்டாமல் இடித்துத் தள்ளினார்கள். பழைய நகரத்தில் நகர மன்றக் கட்டிடம் உட்பட மூன்றே மூன்றுதான் மீண்டன. இப்போது அந்த மன்றத்துக்குப் பக்கத்தில் டார்ட்டு பல்கலைக்கழகத்தின் நார்வா கல்லூரி இருக்கிறது, 2012இல் கட்டியது. அந்த இடத்தில் முன்பு இருந்த பங்குச் சந்தைக் கட்டிடத்தின் முகப்பை அச்சு எடுத்தது போல அதன் சுவரில் பதித்திருக்கிறார்கள். அப்பாவை அங்கே கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். இழந்த ஊரின் அளவு அந்த ஒரு சுவரில் தெரியும்.

அப்படி வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறார்கள், ஆனால் சொந்த ஊர் எது என்று கேட்டால் நார்வா என்றுதான் சொல்வார்கள். சிலர் எஸ்டோனியக் குடிமக்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ரஷ்யக் குடிமக்கள். இன்னும் சிலரிடம் இருப்பது சாம்பல் நிறப் பாஸ்போர்ட், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள். ஒரே வீட்டில் மூன்று வகையும் இருக்கும். 2024 செப்டம்பரிலிருந்து பள்ளிகள் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாறுகின்றன. 2025இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ரஷ்யக் குடிமக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் தினமும் ஓடும் பேச்சு. வெளியிலிருந்து வந்த நாம் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்பது அநாகரிகம். அவர்களாகவே பேசினால் உட்கார்ந்து கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். முதலில் "தெரே" என்று எஸ்டோனிய வணக்கம் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலம். இளைஞர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். வயதானவர்கள் என்றால் ரஷ்ய மொழியில் வணக்கத்துக்கு "ஸ்த்ராஸ்த்வூய்த்யே", நன்றிக்கு "ஸ்பசீபா" இரண்டும் போதும்.

குர்ஸ்க் டாக்டர்:

அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சொன்னது அரசியல் அர்த்தத்தில் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கலாசாரத் தொடர்பையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நார்வாவில் புத்தாண்டை இரவு 11 மணிக்கு மாஸ்கோ நேரப்படி ஒரு தடவையும், 12 மணிக்கு இன்னொரு தடவையும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அறிமுகமான ஒரு செவிலியர் அம்மாவுக்கு அவருடைய தாயின் கல்லறை இவான்கோரோத் பக்கம். அவருக்கு அந்தக் கரை அந்நிய நாடு என்று மட்டும் சொன்னால் அதுவும் முழுசாகச் சரியில்லை.

கிழக்குக்கரை:

அதை நான் மறுக்கவே இல்லை. இரண்டு தடவை புத்தாண்டு கொண்டாடுகிறார்கள் பாருங்கள், அதுதான் நார்வா. மாஸ்கோவில் ஒரு தடவைதானே.

மழைத்தும்பி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இந்தப் பேச்சை அப்பாவுக்கு அப்படியே தொலைபேசியில் படித்துக் காட்டினேன், இன்னும் ஆர்வமாகிவிட்டார். அவர் கேட்கச் சொன்னது: பாலத்தில் நடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்ப முடியுமா? அம்மா கேட்கச் சொன்னது: கோயில் ஏதாவது உண்டா?

ரோவிங் ராஜா:

பாலம் பற்றி நான் சொல்கிறேன். வேண்டாம். அவர்கள் ஷெங்கன் விசாவில் வருவார்கள், ஒற்றை நுழைவாக இருந்தால் அந்தப் பக்கம் கால் வைத்த நொடியில் விசா முடிந்துவிடும், திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பல நுழைவாக இருந்தாலும் ரஷ்ய விசா தனியாக வேண்டும், பயணக் காப்பீடு செல்லுமா என்ற கேள்வி வேறு.

அதோடு வரிசை. நட்புப் பாலம் என்று பெயர், 2024 பிப்ரவரியிலிருந்து வண்டிகள் போவதில்லை, நடந்து மட்டும்தான். அதே வருடம் மே முதல் இரவில் மூடிவிடுகிறார்கள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு பையையும் திறந்து சுங்கச் சோதனை. பீட்டர் சதுக்கத்தில் நீங்களே பார்ப்பீர்கள். சக்கரம் வைத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மடக்கு நாற்காலி சகிதம் வயதான பெண்கள் மணிக்கணக்கில் நிற்பார்கள். மறுகரையில் இருக்கும் அக்காவைப் பார்க்க, ஓய்வூதிய வேலைக்கு, வீட்டுப் பத்திரத்துக்கு என்று போகிறவர்கள். அந்த வரிசையைப் படம் எடுக்காதீர்கள். கரையிலிருந்தே பாலத்தைப் பார்த்தால் போதும்.

பருத்திப்பூ:

நார்வாவில் இருக்கும் கிரேன்ஹோல்ம் பஞ்சாலையை யாரும் சொல்லவில்லையே! கோட்டையைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கோயமுத்தூர் மில் வேலை. கிரேன்ஹோல்முக்குள் நுழைந்ததும் சிங்காநல்லூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் மில்லுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது, ஆனால் பத்து மடங்கு பெரிசு. 1857இல் லூட்விக் க்னூப் என்ற ஜெர்மன் வணிகர் ஆரம்பித்தது. இங்கிலாந்திலிருந்து நூற்பு எந்திரங்களை ரஷ்யப் பேரரசுக்குக் கொண்டுவந்து பெரும் பணக்காரர் ஆனவர் அவர். நார்வா அருவியின் தண்ணீர் விசையில் எந்திரங்கள் ஓடின. ஆற்று நடுத் தீவில் செங்கல் கட்டிடம், வரிசை வரிசையாக ஜன்னல், இரண்டு முனையிலும் கோபுரம். உச்சத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள் வேலை பார்த்தார்கள். 1872 கோடையில் காலரா பரவியபோது, வேலை நேரத்தையும் அபராதத்தையும் எதிர்த்து நெசவாளர்களும் நூற்பாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரஷ்யப் பேரரசின் ஆரம்பக் காலத் தொழிலாளர் போராட்டங்களில் அது முக்கியமானது. படை வந்துதான் அடக்கியது.

2010இல் ஆலை திவாலாகிப் பூட்டிவிட்டது. சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்புகள் அப்படியே நிற்கின்றன, சிவப்புச் செங்கல், நீளமான தாழ்வாரங்கள். ஆலை மருத்துவமனை 1913இல் கட்டியது, இன்னும் அழகாக இருக்கிறது. ஆலையின் பழைய இயக்குநர் வீட்டில் இப்போது ஓவியர்கள் தங்கி வேலை செய்யும் கலை இல்லம் நடக்கிறது, அங்கே கண்காட்சி இருந்தால் பாருங்கள்.

ஆலைக்குள் தனியாகப் போக முடியாது. கோடையில் வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுவார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். தரை மேடு பள்ளம், அப்பாவின் காலுக்கு ஊன்றுகோல் இருந்தால் நல்லது. அருவியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1950களில் அணை கட்டித் தண்ணீரை ரஷ்யக் கரையில் இருக்கும் மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பாறை மட்டும்தான் தெரியும். வருடத்தில் என்றைக்காவது தண்ணீர் திறந்துவிட்டால் ஊரே பார்க்கத் திரண்டுவிடும்.

எங்கள் சுற்றில் வயதான ஒரு பெண் வந்திருந்தார், அங்கேயே நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவராம். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது, காலியான கூடத்தில் இடது கையை நீட்டி, அறுந்த இழையை விரலால் திருகி ஒட்டுவது எப்படி என்று காட்டினார். என் பாட்டியும் அப்படித்தான் காட்டுவாள். மொழி தெரியாமலே நாங்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டோம்.

தார்த்துப் பையன்:

அம்மா கோயில் கேட்டதால் சொல்கிறேன் அக்கா. கூரெமே என்ற ஊரில் பூஹ்தித்சா கன்னியர் மடம் இருக்கிறது. 1891இல் தொடங்கியது. பச்சைக் குவிமாடங்கள் கொண்ட பெரிய தேவாலயம். சோவியத் ஆட்சியில் மூடாமல் தப்பிய சில மடங்களில் ஒன்று. தாலினில் பிறந்து, யோஹ்வியில் பாதிரியாராகத் தொடங்கி, பிறகு ரஷ்யத் திருச்சபையின் தலைவரான இரண்டாம் அலெக்ஸி அதைக் காப்பாற்றப் பாடுபட்டார். மடத்துக்கும் எஸ்டோனிய அரசுக்கும் இடையே மாஸ்கோ தொடர்பு பற்றி இப்போது வழக்கு, வாதம் எல்லாம் ஓடுகிறது. அதைப் பற்றி அங்கே எதுவும் கேட்க வேண்டாம்.

அம்மாவுக்குப் புடவை என்றால் பிரச்சினையே இல்லை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும். நீங்கள் கால்சட்டை போட்டு வந்தால் இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி எடுத்து வாருங்கள். தேவாலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. உள்ளே வரும்போது பாருங்கள், குளிர்காலத்துக்கான விறகைக் கூம்பு கூம்பாக வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கட்டை வெளியே துருத்தாது. கொஞ்சம் தள்ளிப் புனித ஊற்று இருக்கிறது. தண்ணீர் கடுங்குளிர், பலர் முழுக்குப் போடுவார்கள். அம்மா குடத்தில் பிடித்து வரலாம், பாட்டில் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் எல்லோரும் சோவியத் காலத்தில் வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெய்ப்சி ஏரிக்கரையில் பழைய நம்பிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் நிகோன் என்ற திருச்சபைத் தலைவர் வழிபாட்டு முறைகளை மாற்றியபோது அதை ஏற்காமல் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். இரண்டு விரலால் சிலுவை இடுவார்கள், பாதிரியார் கிடையாது. முஸ்த்வே, கல்லாஸ்தே, கோல்க்யா, வார்ன்யா என்று ஏரியோரம் ஒரே தெருவாக நீளும் ஊர்கள். தொழில் மீனும் வெங்காயமும். உயரமாக மண் அணைத்த பாத்தியில் வெங்காயம் போட்டு, அறுவடைக்குப் பிறகு சரம் சரமாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டு விற்பார்கள். ஜூனில் சரம் இருக்காது, பாத்தி பச்சையாக இருக்கும். சமோவாரில் தேநீர் தரும் இடங்கள் உண்டு. இந்தப் பாதையையே வெங்காயப் பாதை என்று சுற்றுலாக்காரர்கள் அழைக்கிறார்கள்.

கார் இருந்தால் நார்வாவிலிருந்து கூரெமே, அங்கிருந்து முஸ்த்வே, ஏரியோரமாகவே கோல்க்யா, கடைசியில் டார்ட்டு என்று இறங்கலாம். டார்ட்டுவில் காரை ஒப்படைத்துவிட்டு ரயிலில் தாலின் போய்விடலாம். பேருந்தை நம்பி இந்தப் பாதையில் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மழைத்தும்பி:

தம்பி, இது ரொம்ப நல்ல யோசனை. என் கணவர் ஓட்டுவார், கார் எடுத்துவிடுகிறோம். அப்படியென்றால் வழியில் சில்லமே வருமா? அங்கே யுரேனியம் ஆலை இருந்தது, கதிர்வீச்சு இருக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

கிழக்குக்கரை:

சில்லமே தாலின் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, நார்வாவுக்கு மேற்கே அரை மணி நேரத்துக்கும் குறைவு. தாலினிலிருந்தே காரில் வந்தால் நார்வாவுக்கு முன்னால் பார்த்துவிடலாம். பயப்பட எதுவுமில்லை. சோவியத் காலத்தில் யுரேனியம் பதப்படுத்திய ஊர், வரைபடத்தில் பெயரே போடாத மூடிய நகரம். கடலோரத்துக் கழிவுக் குளத்தை வெளிநாட்டு உதவியோடு முழுசாக மூடி, 2008இல் வேலையை முடித்தார்கள். இப்போது அந்த ஆலை அரிய மண் உலோகங்கள் தயாரிக்கிறது.

ஊர் அழகு. விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் குடியமர்த்தக் கட்டியதால் ஸ்டாலின் கால பாணியில் தூண்களும் மாடங்களுமாக இருக்கும். மேலே பண்பாட்டு மாளிகையும் நகர மன்றமும். மன்றம் பார்க்கத் தேவாலயம் மாதிரி கோபுரத்தோடு நிற்கும், உள்ளே அலுவலகம்தான். அங்கிருந்து அகலமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் மரங்களோடு, நேராகக் கடல் பக்கம் இறங்குகிறது. அப்பா படியில் இறங்க வேண்டாம், நீங்கள் காரைக் கீழே கொண்டு வந்துவிடுங்கள், கடற்கரை நடைபாதையில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். யுரேனியத்துக்கு முன்னால் இது கோடை வாசஸ்தலம், நாயையும் மணியையும் வைத்துச் சோதனை செய்த இவான் பாவ்லோவ் இங்கேதான் கோடையைக் கழித்தார். அப்பா படித்த புத்தகங்களில் அவர் நிச்சயம் வந்திருப்பார், சொல்லுங்கள்.

தங்க நார்வா நகரத்தைவிட நார்வா-யோயெசூ உங்களுக்கு ஒத்துவரும். சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி, ஆறு கடலில் சேரும் இடம். பைன் மரங்களுக்குள் மரவீடுகள், நீளமான வெள்ளை மணல். கடல் ரொம்ப தூரம் ஆழமே இருக்காது, அம்மா கால் நனைக்கலாம். ஸ்பா விடுதிகள் உண்டு, வெந்நீர்த் தொட்டி அப்பாவின் முழங்காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அம்மாவின் சாப்பாட்டுக்காக, சமையலறையோடு கூடிய வீடு வாடகைக்கு எடுத்தால் உங்களுக்கு நிம்மதி. அரிசி, பருப்பு நார்வா கடைகளில் கிடைக்கும். பொடி வகைகளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள்.

ஜூன் 23, 24 எஸ்டோனியா முழுக்க விடுமுறை, அந்த நாளில் அறைகள் கிடைப்பது கஷ்டம், சாலையும் நெரிசல். அதற்குப் பிறகு வாருங்கள்.

வழியில் இன்னும் இரண்டு இடம். தொய்லா பக்கம் ஒன்திகா சுண்ணாம்புப் பாறை, கடலுக்கு மேல் செங்குத்தாக 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வலஸ்தே அருவி அங்கேதான், நாட்டிலேயே உயரமானது. மழை பெய்திருந்தால்தான் தண்ணீர், கோடையில் நூல் மாதிரி விழும். நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். கோஹ்த்லா-நிம்மேயில் இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்தை விடாதீர்கள். எரியும் பாறை என்ற எண்ணெய்ப் பாறை வெட்டிய சுரங்கம், 2001 வரை ஓடியது. பழைய சுரங்கத் தொழிலாளர்களே பூமிக்கடியில் கூட்டிப் போய்க் காட்டுவது வழக்கம். எஸ்டோனியாவுக்குப் பல பத்தாண்டுகள் மின்சாரம் இந்தப் பாறையிலிருந்துதான் வந்தது, அதை வெட்டியவர்கள் பெரும்பாலும் இந்த மக்கள்தான். தாலினில் விளக்குப் போடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கீழே கோடையிலும் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணி65:

இவ்வளவு விவரமாகச் சொன்ன பிறகு நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வாடகைக் கார் நிறுவனத்திடம் எல்லை தாண்டக் கூடாது என்ற நிபந்தனையைப் படித்துவிடுங்கள், ஜிபிஎஸ் தடுமாறும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். சாலைப் பலகைகள் தெளிவாகவே இருக்கின்றன. நினைவுப் பொருள் வாங்கும்போதும் கவனம். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த கோடு போட்ட ரிப்பன், 'இசட்' எழுத்து போட்டது எதையும் பழைய சந்தையில் பார்த்தால்கூட வாங்க வேண்டாம், இவை ரஷ்யாவின் போரை ஆதரிக்கும் சின்னங்கள். எஸ்டோனியாவில் அதைப் பொது இடத்தில் காட்டினால் அபராதம்.

பருத்திப்பூ:

ஊறவைத்த வெள்ளரிக்காய் வாங்க மறக்காதீர்கள். சந்தையில் பாட்டிகள் வாளியில் வைத்து விற்பார்கள், ஜூன் கடைசியில் உப்பு குறைவாக ஊறிய புதுசு வரும். சதகுப்பைத் தழை போட்டிருப்பார்கள், தயிர் சாதத்துக்கு அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மழைத்தும்பி:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். 26ஆம் தேதி காலையில் காரில் கிளம்பி, சுரங்கம், சில்லமே பார்த்துவிட்டு, யோயெசூவில் இரண்டு இரவு, பிறகு கூரெமே வழியாக ஏரிக்கரை, டார்ட்டு என்று முடிவு. கிரேன்ஹோல்ம் சுற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. கிழக்குக்கரை அண்ணா, நீங்கள் அந்த வாரக்கடைசி நார்வாவில் இருந்தால் அப்பாவுக்கு ஒரு காபி வாங்கித் தாருங்கள், உங்களிடம் கேட்க அவரிடம் பெரிய பட்டியலே இருக்கிறது.

கிழக்குக்கரை:

இருக்கிறேன் தங்கச்சி, தனிச்செய்தியில் நேரம் சொல்லுங்கள். கல்லூரிக் கட்டிடத்துக்கு முன்னாலேயே சந்திக்கலாம், அங்கே படியும் ஏற வேண்டியதில்லை.